மேட்டுப் பாதையில் கணக்கெடுப்பு

மஞ்சள் கம்பெனியின் பார்சல்களை அரசாங்கத் தபால்காரி சுமந்தாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்ப மாட்டார்கள். அதனால்தான் அது இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் நடந்தது.

ஊருக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. மேடு என்று வாயால் சொல்வது சுலபம், ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். வண்டி போகிற சாலை அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்கட்டு, பிறகு ஒற்றையடிப் பாதை, மறுபடியும் படிக்கட்டு. ஒரு வீட்டின் மாடி மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் இருக்கும். அங்கே வீடு கட்டினவர்கள் யாரும், ஒருத்தி தினமும் பையோடு இதில் ஏற வேண்டியிருக்குமே என்று யோசித்திருக்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் அவளும் யோசிக்கவில்லை. இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் தினமும் அவர்களுக்கும் அவளுக்கும் சேர்த்து யோசிக்கிறது.

தபாலக்கா என்றுதான் ஊரே அவளைக் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அரசாங்கத் தபாலுக்கு ஒரு விதி உண்டு. முகவரி என்று ஒன்று இருந்துவிட்டால் வாசல் வரைக்கும் போயாக வேண்டும். தபால் ஆபீசுக்கு எதிர்வீடாக இருந்தாலும் மேட்டு உச்சியாக இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். எதிர்வீட்டுக்குக் கொடுப்பதில் மிஞ்சுவதைக் கொண்டு உச்சி வீட்டுக்கு ஏறிப் போவது என்று எந்தக் காலத்திலோ யாரோ நல்ல மனதோடு போட்டு வைத்த ஏற்பாடு. அப்புறம் மஞ்சள் கம்பெனி வந்தது. மிஞ்சுகிற எதிர்வீடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டது, உச்சிக்கு ஏறிப் போகிற செலவு மட்டும் தபாலின் தலையில் நின்றது. துண்டு விழாமல் என்ன செய்யும்? விழுந்த துண்டை அரசாங்கம் கொஞ்சம் பணம் போட்டு ஒட்டுப் போட்டது. உடனே டெலிவிஷனில் கோட்டுப் போட்ட ஆசாமிகள் உட்கார்ந்துகொண்டு, மக்களின் வரிப்பணம் வீணாகிறதே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கோட்டுகளை ஒரே ஒரு நாள் பையோடு மேட்டில் ஏற்றிவிட வேண்டும். இதைப் பேசினால் எனக்கு வயிறு எரியும், விடுங்கள்.

அந்த மஞ்சள் கம்பெனிக்கு வண்டி ஓட்டுபவன் வேறு யாரும் இல்லை, தபாலக்காவின் சொந்தத் தம்பி. ஓட்டுபவன் என்றவுடன் சம்பளக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி அவனுடையது, வண்டியின் தவணை அவனுடையது, டீசல் அவனுடையது. சட்டை மட்டும் கம்பெனியுடையது. பார்சலைக் கொடுத்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. கொடுக்காமல் திரும்பக் கொண்டுவந்தால் அபராதம். 'எங்கும், எல்லா வாசலுக்கும்' என்று வண்டியின் இரண்டு பக்கத்திலும் பெரிதாக எழுதியிருந்ததால் மேட்டு வீடுகளையும் கம்பெனி விட்டுவிடவில்லை. எழுதினவர்களுக்கென்ன, ஏறப்போவது இவன்தானே!

மேட்டில் ஒரு தடவை ஏறி இறங்கினால் அவனுக்குப் பாதி நாள் போய்விடும். கீழே கொடுக்க வேண்டிய பார்சல்கள் வண்டிக்குள் தேங்கும். வீட்டில் ஆள் இல்லை என்று பொய்யாகக் கம்பெனிப் போனில் அமுக்கிவிட்டு வந்து, திட்டும் வாங்கி அபராதமும் கட்டுவான். அந்தச் சமயத்தில்தான் தபாலக்காவின் வீட்டில் இடி விழுந்தது.

அவள் புருஷன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நல்ல ஆகிருதி. ஒரு பஸ் கூட்டத்தையே குரலால் உள்ளே தள்ளிவிடுவார். ஒரு காலையில் கையில் டீயோடு நாற்காலியிலிருந்து சரிந்தார். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தார், பேச்சும் பிழைத்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதால் வார்த்தைகள் கொஞ்சம் மென்றாற்போல வரும், அவ்வளவுதான். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கேலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. படுத்த இடத்திலிருந்தே வீட்டுக்கு வருகிற போகிறவர்களை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் தினமும் மத்தியானம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, கொஞ்ச நேரமாவது நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும், நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காலையிலும் ராத்திரியிலும் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது தபாலக்காவால் முடியும். தூக்குவது முடியாது. மத்தியானம் அவள் மேட்டில் இருப்பாள். தூக்குவதற்கென்று ஆள் வைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை.

"அக்கா, மாமாவ நான் தூக்கறேன்," என்றான் தம்பி ஒரு நாள். "நீ எப்படியும் மேல போறதான? என் பார்சலையும் எடுத்துட்டுப் போயிடு. எனக்கு மிச்சமாகற நேரத்துல நான் இங்க வந்துடறேன்."

"அது தப்பு இல்லயாடா?"

"தப்புதான். வேற வழி சொல்லு."

வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது. தினமும் காலையில் அடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வண்டி வந்து நிற்கும். மஞ்சள் உறை போட்ட பார்சல்கள் அவனிடமிருந்து அவள் பைக்கு மாறும். மேட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால், கொடுத்தாகிவிட்டது என்று அடிவாரத்திலிருந்தே போனில் அமுக்கிக்கொள்ளக் கம்பெனியே அனுமதி கொடுத்திருந்தது. எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது. மத்தியானம் தம்பி வந்து கண்டக்டரைத் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஓடுவான்.

கண்டக்டருக்கு இந்த ஏற்பாட்டில் ஏகப்பட்ட குஷி.

"மாப்ள, உங்க கம்பெனி இன்னும் நஷ்டத்துலதான் ஓடுதாமே?" என்று தம்பியின் தோளில் தொங்கிக்கொண்டே கேட்பார்.

"ஆமா மாமா. பெரிய முதலாளிங்க பணம் போட்டுட்டே இருக்காங்களாம். எல்லாரையும் ஒழிச்ச பிறகு லாபம் வருமாம்."

"அப்ப அதுக்குப் பேரு முதலீடு. உங்கக்கா ஆபீஸ்ல போட்டா அதுக்குப் பேரு தண்டச்செலவு. நான் பஸ்ல இப்படி ஒரு டிக்கெட் கிழிச்சிருந்தா அன்னிக்கே சீட்டையும் கிழிச்சிருப்பாங்கடா."

தம்பி சிரிப்பான். சிரிக்கும்போது பிடி நழுவும். "சிரிக்க வைக்காதீங்க மாமா, போட்டுறுவேன்," என்பான்.

இப்படியே போயிருந்தால் எனக்கும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு நாள் காலையில் போஸ்ட் மாஸ்டர் தபாலக்காவை உள்ளே கூப்பிட்டார். ஓய்வு பெறப்போகிற மனிதர். எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு பெருமூச்சு விடுவார். அன்றைக்கு இரண்டு விட்டார்.

"இனிமே மொத்தமா பணம் கிடையாதாம்மா. பாதை பாதையா பார்த்துதான் குடுப்பாங்களாம். சுமை இருக்கற பாதைக்குப் பணம் வரும். சுமை இல்லாத பாதைய மூடிடுவாங்க."

"மூடறதுன்னா?"

"அடிவாரத்துல வரிசையா பெட்டி வச்சிடுவாங்க. மேட்டுக்காரங்க இறங்கி வந்து எடுத்துக்க வேண்டியதுதான். அடுத்த வாரம் ஒருத்தர் வந்து எண்ணப் போறாரு. கடைசி நாள் உங்ககூட ஏறியும் பார்ப்பாரு."

"என்னை என்ன சார் பண்ணுவாங்க?"

போஸ்ட் மாஸ்டர் மூன்றாவது பெருமூச்சை விட்டார். "நகரத்துக் கொட்டகைக்கு மாத்துவாங்க. ஊர் ஊரா தபால் பிரிக்கற வேலை. விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறினா இருட்டின பிறகுதான் வர முடியும். உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்மா. நான் என்ன செய்ய?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இப்போதாவது, பிற்பகலில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கொட்டகைக்குப் போனால் நாள் முழுக்க அவர் தனியாகக் கிடக்க வேண்டும். தம்பி மத்தியானம் வந்து போகிற ஒரு மணி நேரம்தான் துணை. அதுவும் எத்தனை நாளைக்கு? அவள் மேட்டுக்குப் போகவில்லை என்றால் அவன் பார்சலை யார் சுமப்பார்கள்? அவனே ஏறுவான். ஏறினால் மத்தியானம் யார் வருவார்கள்?

அன்றைக்கு அடிவாரத்தில் தம்பியின் பார்சல்களை வாங்கிப் போட்ட பிறகு தபால் பையைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மஞ்சள் உறைகள். அவற்றை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது நாலு கடிதம், இரண்டு பத்திரிகை, யாருக்கோ வந்த ஒரு நோட்டீஸ். மேட்டுப் பாதையின் சுமையெல்லாம் அவள் தோளில் இருந்தது. ஆனால் தபாலின் கணக்கில் இல்லை. கம்பெனியின் கணக்கில் மட்டும், மேட்டு வீடுகளுக்கு ஒரு குறையும் இல்லாமல் பட்டுவாடா செய்கிறோம் என்று ஜம்மென்று ஏறியிருந்தது. டெலிவிஷன் கோட்டுகள் அதையும் எடுத்துக் காட்டினார்கள்: பாருங்கள், வரிப்பணம் இல்லாமலே மேட்டுக்குப் போகிறார்கள்! தன் பாதையைத் தன் தோளாலேயே அறுத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாதை பிழைக்கும். தம்பி பிழைக்க மாட்டான். கம்பெனி அன்றைக்கே சட்டையைக் கழற்றிவிடும், வண்டியைத் தவணைக்காரன் இழுத்துக்கொண்டு போவான். அரசாங்கப் பையில் போட்டிக் கம்பெனியின் சரக்கைச் சுமந்ததற்கு அவள் வேலையும் தொங்கலில் நிற்கும்.

அன்று சாயங்காலம் தொட்டிக்குப் பின்னால் வைத்துத் தம்பியிடம் சொன்னாள். "எண்ணி முடிக்கற வரைக்கும் ஒரு பார்சலும் வேணாம்டா. பையைத் தொறந்து பார்ப்பாங்க."

"அப்ப நான்தான் ஏறணுமா?"

"ஏறாத. வண்டியிலயே வச்சிக்க. மத்தியானம் வழக்கம்போல வந்து அவரப் பாரு."

"அபராதம் போடுவாங்க அக்கா."

"நான் குடுத்துடறேன். அவர்கிட்ட மட்டும் எதையும் சொல்லிடாத. எல்லாம் தன்னாலதான்னு மருகுவாரு."

கண்டக்டரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மனுஷன் ஏற்கெனவே, நான் ஒரு பாரம், நான் ஒரு பாரம் என்று ராத்திரி முனகுவார். கேலியெல்லாம் பகலில்தான். அதில் இதையும் எதற்குப் போட வேண்டும் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பும் அதுதான்.

எண்ண வந்தவர் பயமுறுத்துகிற ஆளாக இல்லை. ஒல்லியான மனிதர், கழுத்தில் கணக்குப் பதிகிற ஒரு சின்ன இயந்திரம் தொங்கியது. முதல் சில நாட்கள் ஆபீசிலேயே உட்கார்ந்து பையை நிறுத்தார், எண்ணினார், இயந்திரத்தில் அமுக்கினார். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் உதட்டைப் பிதுக்கினார். கடைசி நாள் அவளோடு மேட்டில் ஏறினார். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் ஏறறீங்களா இதுல?"

"ஆமா சார்."

"அடேயப்பா," என்றார். கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு, "எனக்கு மட்டும் மூடறதுல சந்தோஷமா? போன மாசம் ஒரு பாதைய மூடினேன். மாடியிலேருந்து ஒரு அம்மா என் தலையில வாளித் தண்ணிய ஊத்திடுச்சு. நல்ல வேளை, நல்ல தண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆளைப் பிடித்தும் போனது. பிடிக்காமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"சுமை கம்மியா இருக்கும்மா," என்றார் தணிந்த குரலில். "ரொம்பவே கம்மி. வேற ஏதாவது எழுத வழி இருந்தா சொல்லுங்க, எழுதறேன். எனக்கும் ஒரு பாதையாவது நிக்கட்டும்னு ஆசையா இருக்கு."

அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

உச்சியில் தையல்காரி ஒருத்தி இருக்கிறாள். நூல், பொத்தான், துணி எல்லாம் மஞ்சள் பார்சலில்தான் வரும். தபாலக்காவின் தலையைக் கண்டதும் வாசலுக்கு ஓடிவந்தாள். "என்னக்கா, ஒரு வாரமா என் நூல் வரல? கல்யாணத் துணியெல்லாம் பாதியில நிக்குது!"

"அத கம்பெனிக்காரன்தான் கொண்டுவரணும்மா," என்றாள் தபாலக்கா, கண்ணை உருட்டிக்கொண்டே.

தையல்காரி கெட்டிக்காரி. பின்னால் நின்ற இயந்திரத்துக்காரரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். "ஆமாமா, அந்தக் கம்பெனிக்காரன்தான் சோம்பேறி," என்று தேவையில்லாமல் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எண்ண வந்தவர் எதையும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும். அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்போது அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீடு கீழதான் இருக்குன்னு போஸ்ட் மாஸ்டர் சொன்னாரே. கொஞ்சம் உக்கார்ந்துட்டுப் போகலாமா?"

"வீட்ல அவருக்கு உடம்பு முடியாம படுத்திருக்காரு சார். கொஞ்ச தூரத்துல டீக்கடை இருக்கு, அங்க..."

"கொஞ்ச தூரமா? என்னால இந்தச் சுவரையே விட முடியலம்மா."

என்ன செய்வாள்? கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள். மத்தியான நேரம். தம்பியின் வண்டியைப் பக்கத்துச் சந்துக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தாள், அப்படியே நிறுத்தியிருந்தான். ஆனால் உள்ளே அவன் மஞ்சள் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். கண்டக்டரைக் குளிப்பாட்டி முடித்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கிக்கொண்டிருந்தான். அவருடைய நல்ல கை அவன் கழுத்தைச் சுற்றியிருந்தது.

"என் தம்பி சார். மத்தியானத்துல வந்து அவரப் பார்த்துக்குவான்," என்றாள் அவசரமாக.

"நல்ல தம்பி," என்றார் எண்ண வந்தவர், முக்காலியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே. மஞ்சள் சட்டையைப் பார்த்தார், அதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் தபாலும் ஒருவர் கம்பெனியும் இருக்கக் கூடாதா என்ன? அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான், தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

கண்டக்டருக்கோ வீட்டுக்கு ஒரு புது ஆள் வந்துவிட்ட சந்தோஷம்.

"வாங்க சார், வாங்க! எங்க வீட்டு ஏற்பாட்டப் பார்த்தீங்களா? இவன் வேலைய அவ செய்றா, அவ வேலைய இவன் செய்றான். மேட்டுக்கு வர்ற மஞ்சள் பார்சல் எல்லாத்தயும் இந்த அம்மாதான் தூக்கிட்டுப் போவாங்க. அதுக்குக் கூலியா மாப்ள என்னைத் தூக்கறான். எடைக்கு எடை சார்! எனக்கும் அபராதம் உண்டான்னு கேட்டேன், பதிலே இல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

எண்ண வந்தவரின் கை காலைத் தேய்ப்பதை நிறுத்தியது. "அப்படியா?" என்று தபாலக்காவைப் பார்த்துக் கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை. ஒரு நம்பிக்கைகூட இருந்தது. "இது உண்மைன்னா பாதைக்குச் சுமை இருக்கும்மா. நான் எழுதினா யாரும் மூட முடியாது, கம்பெனிகிட்ட கட்டணமும் கேக்கலாம். ஆனா யார் குடுத்தாங்க, யார் சுமந்தாங்கன்னும் எழுதணும். அதுக்கப்புறம் நடக்கறது என் கையில இல்ல. சொல்லுங்க, உங்க வீட்டுக்காரர் சொல்றது உண்மையா?"

தம்பி கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றான். அந்தப் பெரிய உடம்பு முழுக்க அவன்மேல் சாய்ந்திருந்தது. கீழே விடவும் முடியாது, நகரவும் முடியாது. அக்காவைப் பார்த்தான். சின்ன வயதிலும் இவன் இப்படித்தான், அடி விழும் என்று தெரிந்தால் பேசாமல் அக்காவைப் பார்ப்பான்.

"அவருக்கு நினைவு சரியில்ல சார்," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியுமா?

"விழுந்ததுலேருந்து இப்படித்தான். வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவாரு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

கண்டக்டர் அவளைப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார், வந்தவரின் கழுத்தில் தொங்கிய இயந்திரத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அவள் தரையைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க!" என்று திடீரென்று கண்டக்டரின் குரல் கணீரென்று எழுந்தது. "படியில நிக்காதீங்க! முன்னாடி அவ்வளவு எடம் கெடக்கு, நகருங்க! சார், ஒங்களத்தான். டிக்கெட் எடுத்தாச்சா?"

யாரும் அசையவில்லை.

"டிக்கெட் சார், டிக்கெட்! சில்லறையா குடுங்க. எல்லாரும் நோட்ட நீட்டினா நான் எங்க போவேன்?" நல்ல கையை நீட்டிக்கொண்டு, கோணிய வாயை இன்னும் கொஞ்சம் கோணிக்கொண்டு, இல்லாத பஸ்ஸில் இல்லாத கூட்டத்தைப் பார்த்து விசில் அடிக்கப் பார்த்தார். அடிக்க முடியவில்லை. எச்சில்தான் வழிந்தது. அதைத் துடைக்காமல் விட்டுவிட்டார்.

தம்பி அவரை நாற்காலியில் இறக்கினான். அவன் முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வியர்வை என்று யார் வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

எண்ண வந்தவர் எழுந்தார். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கை போய்விட்டது, இரக்கம் வந்திருந்தது. நொண்டிக்கொண்டே நாற்காலிக்குப் பக்கத்தில் போய், சின்னக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி உரக்க, "எடுத்தாச்சுய்யா! டிக்கெட் எடுத்தாச்சு! என்ன?" என்றார். கண்டக்டரின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு அவர் அங்கே இல்லாததுபோல அவளிடம் திரும்பி, "பாவம்மா. எத்தன நாளா இப்படி?" என்று கேட்டார்.

அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். "மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்றார் அவர். "நானும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன், நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். ஆனா ஒண்ணும் இல்லாதப்ப நான் எத எழுதறது? பாதை நிக்காதும்மா. கொட்டகைக்குப் போக இப்பவே மனச தயார் பண்ணிக்குங்க." சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார். நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே வந்தபோது தம்பி வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தவித்துக்கொண்டு நின்றான். "நான் ஓடிப் போய்ச் சொல்லிடட்டுமா அக்கா?"

"சொல்லி? வண்டிய யார்கிட்ட குடுக்கப் போற? போடா, போய் வேலையப் பாரு."

அவன் சட்டைப் பையில் கம்பெனிப் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாமாவின் பக்கம் திரும்பாமலே வெளியே போனான். சந்துக்குள் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் துண்டை எடுத்துக் கண்டக்டரின் வாயைத் துடைத்தாள். அவர் பேசாமல் துடைக்க விட்டார். பாதையில் எண்ணுகிறார்கள் என்பதையும், கொட்டகை மாற்றத்தையும், தம்பியின் வண்டியையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்? இருந்தாலும் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வாய மூடிட்டு இருந்திருப்பேனே," என்றார்.

"கவலைப்படுவீங்கன்னு..."

"ம்."

கொட்டகைக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் யாரையாவது பிடித்து இவருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்குப் பணத்துக்கு எங்கே போவது என்றெல்லாம் யோசிக்க வேண்டியது மலைபோல இருந்தது. எதையும் யோசிக்கத் தெம்பில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் விண்ணென்று வலித்தது.

"உங்களப் போய் நினைவு சரியில்லன்னு சொல்லிட்டேங்க," என்று அழுதாள். "என் வாய் அழுகிப்போகும். வேற எதுவும் எனக்குத் தோணல. என்னை மன்னிச்சிடுங்க."

"அட, நீ வேற," என்றார். நல்ல கையை அவள் தோளில், பை அறுத்துக் காய்த்துப்போன இடத்தில், வைத்தார். "நீ சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல. உன் தம்பி இப்படி நின்னா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

வழக்கம்போல ஏதாவது கேலியாகச் சொல்லப் பார்த்தார். வரவில்லை. வாய் கோணியது, நின்றது. கண் கலங்கிவிட்டது. அவர் அழுது அவள் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில்கூட.

"அந்த ஆளு ஒரு வார்த்த என்கிட்டயும் கேட்டிருக்கலாம்ல? உங்க பேரென்ன, இன்னிக்கு என்ன கிழமைன்னு ஏதாவது ஒண்ணு. கேக்கவே இல்லியே," என்றார். "நீ சொன்னதுமே நான் அவர் முகத்தப் பார்த்தேன். நான் டிக்கெட் கேக்கறதுக்கு முன்னாடியே அவர் நம்பிட்டாருடி."